செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம்?

"நான் சொல்லப் போறதைக் கேட்டுக்கிட்டுப் போய்த்தான் நீ அங்க சொல்லியிருக்கணும், தெய்வா, வேற வழியே—"

"நான் போனது திங்கக்கிழமைங்க. நீங்க போனது வியாழக்கிழமை. யாரு யாரைக் கேட்டுக்கிட்டு—"

"அதான் கேக்கறேன்! வியாழக்கிழமை நான் யோசிக்கப் போறதை திங்கக்கிழமையே நீ எப்படி—"

"நீங்க அதைத்தானே சொல்வீங்க. அதான் சொன்னேன். இதுக்குப் போயி காலங்காத்தால—"

"அதைத்தானே சொல்வீங்கன்னா என்ன அர்த்தம்? என் மண்டையில என்ன ஜன்னலா வெச்சிருக்கு, நீ எட்டிப் பாக்கறதுக்கு?"

"காபி ஆறுதுங்க."

ஆதிகேசவன் காபியைப் பார்த்தார். டம்ளரைத் தொடாமல் இரண்டடி பின்வாங்கினார். அவர் காபி கேட்கவில்லை. கேட்கலாமா என்று நினைத்து வாயைத் திறப்பதற்குள் அது வந்து நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் வந்து நிற்கிறது. இத்தனை வருஷமும் அதற்குப் பெயர் குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த டம்ளரைப் பார்த்தால் முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது.

ஆதிகேசவனுக்கு வேலை, விளம்பர வாசகம் எழுதுவது. அல்சூர் ஏரிக்குப் பின்னால் வீடு, சிவாஜிநகரில் ஆபீஸ். தமிழிலும் கன்னடத்திலும் எழுதுவார். பெரிய முதலாளி இருந்த காலத்தில் அவருக்குத் தனி அறை, தனி ஃபேன், 'கவிஞரே' என்ற மரியாதை எல்லாம் இருந்தது. இப்போது முதலாளியின் மகன் ஹெர்பர்ட் உட்கார்ந்திருக்கிறான். அரை டிராயரோடு ஆபீசுக்கு வந்து ஆதிகேசவனின் பேனாவைக் கடித்த பையன். அவன்தான் பதினைந்து நாளைக்கு முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"ஆதி சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கடைசியா எழுதினதைப் பாருங்க. சோப்புக்கு, 'உடம்பே மணக்கும்'. ஊதுபத்திக்கு, 'வீடே மணக்கும்'. காபித்தூளுக்கு, 'தெருவே மணக்கும்'. அடுத்தது ஊர்தானே?"

ஆதிகேசவன் பையை மடியோடு அணைத்துக்கொண்டார். அவர் பைக்குள்ளே ஃபினாயில் கம்பெனிக்காக ஏற்கெனவே ஊரே மணந்துகொண்டிருந்தது.

"இதைப் படிங்க" என்று ஹெர்பர்ட் ஓர் அமெரிக்கப் பத்திரிகையை நீட்டினான். "லேடீஸ் மூளையில ரெண்டு பாதிக்கும் நடுவுல பாலம் பெரிசாம். ஐடியா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஜல்தியா போய் வந்துட்டே இருக்குமாம். ஜென்ட்ஸுக்கு ஒத்தையடிப் பாதைதானாம். அதான், உங்க சீட்டுல இனிமே ஒரு லேடியைப் போட்டுப் பார்க்கலாமான்னு…"

"என் பாலம் எப்படி இருக்குன்னு நீ பாத்தியா, தம்பி?"

"பாத்துடலாமே!" என்றான் ஹெர்பர்ட், இதற்காகவே காத்திருந்தவன் போல. "என் ஃப்ரெண்டு டாக்டர் சேஷகிரி இதே ஆராய்ச்சிதான் பண்றார். புருஷன் பெண்டாட்டியா ஜோடி தேடிக்கிட்டிருக்கார். உங்களுக்கு நல்ல மார்க் வந்தா சாகற வரைக்கும் சீட்டு உங்களுது. வரலேன்னா நீங்களே சொல்லுங்க."

ஆக, விஷயம் இதுதான். நாற்காலி இருக்குமா, போகுமா என்பது ஆதிகேசவனின் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அவர் தைரியமாகத்தான் ஒப்புக்கொண்டார். உள்ளே ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கை.

ஆராய்ச்சிக்கூடம் ஜெயநகரில் ஒரு பழைய பங்களா. முதலில் தெய்வநாயகி போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் நேரே குழாயடிக்குப் போய்த் தலையை விரித்துப் போட்டாள்.

"எண்ணெய் தேச்சுக் குளிச்ச தலைங்க. ஆம்ப்ரோஸ்னு ஒரு ஆளு, மரியாதையாத்தான் பேசினாரு. ஆனா மண்டை பூரா கோந்து மாதிரி எதையோ அப்பி, ஒயர் ஒயரா சொருகிட்டாரு."

"என்ன கேட்டாங்க?"

"உங்களைப் பத்தித்தான்."

டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஆதிகேசவன் மேற்கொண்டு கேட்கவில்லை. தன்னைப் பற்றிக் கேட்டிருப்பார்கள் என்பது அவருக்கு இயல்பாகவே பட்டது.

வியாழக்கிழமை அவர் முறை. அதே கோந்து, அதே ஒயர். ஒரு படத்தைக் காட்டி, 'இதை வைத்து என்னென்ன செய்யலாம், தோன்றியதை எல்லாம் சொல்லுங்கள்' என்றார்கள். செங்கல். ஆதிகேசவன் சொன்னார். டேப் சுற்றியது. பெரிய காகிதத்தில் பேனா முட்கள் தாமாகவே நடுங்கி நடுங்கிக் கோடு போட்டன. வெளியே வந்தபோது, மனத்துக்குள் ஏதோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

டாக்டர் சேஷகிரி மெலிந்த மனிதர். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் நெற்றியைப் பார்ப்பார். மேஜைமேல் இரண்டு டேப் ரெக்கார்டர்கள் இருந்தன. ஆம்ப்ரோஸ் அன்றைக்கு லீவு; டாக்டரே பொத்தானை அமுக்கினார்.

"இது நீங்க."

'சுவர் கட்டலாம்…' என்றது ஆதிகேசவனின் குரல். பிறகு ஒரு கனைப்பு. 'கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்… ம்ம்… சவரம் பண்ணும்போது கண்ணாடியை நிமுத்தி வெக்கலாம். ஃபேன் காத்துல பேப்பர் பறக்காம மேல வெக்கலாம்… ஹெர்பர்ட் தலையில போடலாம். ஐயோ வேணாம், அதை அழிச்சிடுங்க.'

"அது சும்மா விளையாட்டுக்கு, டாக்டர்…"

"இருக்கட்டும். இது உங்க மனைவி. உங்களுக்கு முன்னாடியே வந்து சொன்னது."

டேப்பில் கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் தெய்வநாயகியின் குரல், நிதானமாக, சாமி விளக்கின் முன்னால் பேசுவது போல வந்தது.

'சுவர் கட்டலாம்…' ஒரு கனைப்பு. 'கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்… ம்ம்… சவரம் பண்ணும்போது கண்ணாடியை நிமுத்தி வெக்கலாம். ஃபேன் காத்துல பேப்பர் பறக்காம மேல வெக்கலாம்… ஹெர்பர்ட் தலையில போடலாம். ஐயோ வேணாம், அதை அழிச்சிடுங்க.'

டாக்டர் நிறுத்தினார். அறையில் குளிர் ஏறிவிட்டது போல இருந்தது. ஆதிகேசவன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கனைக்கவும் பயமாக இருந்தது.

"டாக்டர், அவ சவரம் பண்ண மாட்டா."

"அதான் விசேஷம்" என்றார் டாக்டர், கண்கள் மின்ன. இரண்டு நீளக் காகிதங்களை விரித்தார். "பெண்களுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓயாம பேசிக்கும்னுதான் என் கட்சி. உங்க மனைவி கிராஃபைப் பாருங்க. ரெண்டு பக்கமும் பேச்சுவார்த்தையே கிடையாது, அடுத்தடுத்த வீட்டுச் சண்டைக்காரங்க மாதிரி. சுத்தமான ஆண் மூளை! அப்படியே உங்களுடைய கிராஃபுக்கு மேல காகிதம் வெச்சு வரைஞ்ச மாதிரி இருக்கு."

"அப்ப என் மார்க்கு?"

"மார்க் எப்படிப் போடறோம்னா, இதுவரைக்கும் வேற யாரும் சொல்லாததைச் சொன்னாத்தான் மார்க். உங்க மனைவி முன்னாடியே சொல்லிட்டாங்க. அதனால நீங்க சொன்னது எல்லாமே பழசு. உங்களுக்குப் பூஜ்யம்."

"அவளுக்கு?"

"அவங்களுக்கு நல்ல மார்க். ஊர்ல இத்தனை பேரைக் கேட்டோம், ஒருத்தரும் செங்கல்லை ஹெர்பர்ட் தலையில போடலையே!"

 டாக்டர் ஆதிகேசவனின் நெற்றியை, அடி பார்க்கக் கவிழ்த்த காலிப் பாத்திரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஒரு இடத்துல உண்டாகி ரெண்டு வாயில வருது, மிஸ்டர் ஆதிகேசவன். எந்த இடம்ங்கிறதுதான் கேள்வி. யாரு முதல்ல சொன்னாங்கன்னு பார்த்தா…" என்று இழுத்துவிட்டு, இரக்கத்தோடு முடித்தார். "அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை வாங்க. அவங்க காலையில வரட்டும், நீங்க அப்புறம். அவங்க சொல்லாத ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும். இல்லேன்னா ஹெர்பர்ட்டுக்கு நான் உள்ளதை எழுதித்தான் ஆகணும்."

அந்த 'ஒண்ணே ஒண்ணு'தான் இப்போது, இந்தச் சனிக்கிழமைக் காலையில், ஆறிப்போன காபிக்கு எதிரே ஆதிகேசவனை நிற்க வைத்திருந்தது.

வீட்டில் இருந்து யோசித்தால் அவளுக்குக் கேட்டுவிடுகிறது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்கே போறீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"குடை எடுத்துக்கிட்டுப் போங்க, அங்க மழை வரும்."

அங்கே என்றால் எங்கே? அவருக்கே தெரியாதே! தெருமுனையில் வந்து நின்ற முதல் பஸ்ஸில், நம்பரைப் பார்க்காமல் ஏறினார்.

"எல்லிகே சார்?" என்று, எங்கே போக வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கேட்டார் கண்டக்டர்.

"எங்கியாவது."

"அந்த ஸ்டாப்புக்கு இந்த பஸ் போகாது" என்று கண்டக்டர் தமிழில் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கடைசி ஸ்டாப்புக்கே டிக்கெட் கொடுத்தார். மெஜஸ்டிக்கில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, மனசு 'இறங்கு' என்று சொன்ன இடத்தில் இறங்கினார். மல்லேஸ்வரம். மழை பிடித்துக்கொண்டது. ஒரு காபி குடித்துவிட்டு, பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

"அது! அதைக் கொடுங்க."

கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது ஒரு நாய்ச் சங்கிலி.

"நாய் எந்த ஜாதி, சார்?"

"எந்த நாய்?"

ஆதிகேசவனுக்குச் சிரிப்பாக வந்தது. ஆயுளில் நாய் வளர்க்க நினைத்ததில்லை. அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் ஒருத்திக்கு இது தோன்றியிருக்க முடியாது. சங்கிலியைச் சட்டைக்குள்ளே மறைத்துக்கொண்டு, மகாராஜா மாதிரி வீட்டுக்கு வந்தார்.

கொல்லைப்படியில் ஓர் அலுமினியத் தட்டு. அதில் பால் சோறு.

"சங்கிலி இரும்பா, பித்தளையா?" என்றாள் தெய்வநாயகி, அடுப்படியிலிருந்தே.

ஆதிகேசவன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி… எப்படிடீ தெரியும்?"

"இது என்னங்க பெரிய விஷயம்? எந்த பஸ்ஸுல ஏறினாலும் நல்ல காபி கிடைக்கிற இடத்துலதான் இறங்குவீங்க. அந்த ஓட்டலை ஒட்டினாப்புல ஒரே கடை. கிளிக்குக் கூண்டும் நாய்க்குச் சங்கிலியும் விக்கிறான். கூண்டு வலப்பக்கம், சங்கிலி இடப்பக்கம்."

"நான் கண்ணை மூடிக்கிட்டுல்ல காட்டினேன்!"

"கண்ணை மூடினா உங்க கை எப்பவும் இடது பக்கம்தானே போகும்."

ஆதிகேசவன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். வேறு யாருடைய கையோ தன் சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அதற்குள் தெருவிலிருந்து ஒரு கறுப்பு நாய் வந்து, பால் சோற்றை முடித்துவிட்டு, அவர் முன்னால் உட்கார்ந்து கழுத்தை நீட்டியது.

மறுநாள் வேறு வழி யோசித்தார். தனக்கு எது தோன்றினாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வது. அதை எப்படிக் கண்டுபிடிப்பாள்? சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். பாகற்காய் என்றால் அவர் இருக்கும் தெருவிலேயே விற்கக்கூடாது.

"எனக்கு இன்னிக்குப் பாவக்கா வேணும்."

தெய்வநாயகி மூடியைத் திறந்தாள். பாகற்காய்ப் பொரியல், ஆவி பறக்க.

"நேத்து சங்கிலி எடுபடலே. இன்னிக்குப் பிடிக்காததைக் கேப்பீங்கன்னு தெரியும். வேண்டாம்னா முருங்கக்கா சாம்பாரும் இருக்கு."

"எனக்குப் பாவக்காதான் வேணும்" என்றார் ஆதிகேசவன், கண்ணில் நீர் முட்ட. ஒரு கவளம் விழுங்கினார். நாய் வாசலில் இருந்து அவரை இரக்கத்தோடு பார்த்தது.

"தெய்வா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெஜத்தைச் சொல்லு. நாளைக்கு நான் என்ன பண்ணப் போறேன்?"

"என்னைத் தங்கவயலுக்கு, பொண்ணு வீட்டுக்கு அனுப்பி வெக்கப் போறீங்க."

அந்த யோசனை அப்போதுதான், இரண்டாம் கவளத்தோடு, அவர் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அறை மூலையில் அவளுடைய பெட்டி, கயிறு கட்டி, தயாராக இருந்தது.

"நீ… நீ என்னைப் பாத்தா உனக்குப் பேஜாரா இல்லையா?"

"நான் உங்களை எங்கங்க பாக்கறேன்?" என்றாள் அவள், ரசத்தைக் கலக்கிக்கொண்டே. "பாக்காமலே தெரியுதே."

தெய்வநாயகி ரயிலேறிப் போனாள். முதல் இரண்டு நாள் ஆதிகேசவனுக்குச் சுதந்திரம். உரக்க யோசித்தார், சுவரைப் பார்த்து யோசித்தார், ஓட்டல் சாப்பாட்டை எடுத்து வந்து வைத்துக்கொண்டு யோசித்தார். தோன்றியதெல்லாம் மணந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெருமழை. கரன்ட் போய்விட்டது. ஏரியிலிருந்து தவளைகள் கத்துவது வீட்டுக்குள்ளேயே கேட்டது. இருட்டில் உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று ஒரு வெறி வந்தது. இந்த வீட்டில் இதுவரை ஒரு தடவைகூட உட்காராத ஓர் இடத்தில் போய் உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்தால் இதுவரை தோன்றாதது தோன்றும். எந்த இடம்? பூஜை அறை இல்லை. மாடிப்படி இல்லை. ஸ்டோர் ரூம்! அதிலும் அரிசி டிரம்முக்குப் பின்னால்! எலிகூடப் போகாத இடம்.

தடவித் தடவிப் போனார். டிரம்மைச் சுற்றிக்கொண்டு, முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்தார்.

தரை மெத்தென்று இருந்தது.

நாலாக மடித்துப் போட்ட ஜமுக்காளம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டினார். மெழுகுவத்தி. அதற்குப் பக்கத்தில் தீப்பெட்டி. கொளுத்தினார். வெளிச்சத்தில், சரியாக அவர் கை எட்டும் தூரத்தில், மூடி தளர்த்தி வைத்த ஒரு டப்பா. உள்ளே முறுக்கு.

ஆதிகேசவன் கத்தவில்லை. கத்துவதற்குக் காற்று வேண்டும். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு முறுக்கைக் கடித்தார். அந்தப் பயத்திலும் முறுக்கு நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கதவருகே வந்து நின்ற நாய், அவரைப் பார்க்காமல், அவருக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

ஹாலில் டெலிபோன் மணி அடித்தது. விழுந்தடித்து ஓடினார்.

"ஹலோ… யாரு?"

"நான்தாங்க. எஸ்.டி.டி. பூத்திலேர்ந்து பேசறேன். அங்க மழைன்னு நியூஸ்ல சொன்னான். டிரம்முக்குப் பின்னாடி ஈரம் ஏறும், எழுந்து வந்து கட்டில்ல படுங்க."

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, திருப்பிப் பார்த்தார்.

"முறுக்கு நமுத்துப் போச்சா?"

"இ… இல்லே."

"அப்ப சரி. சனிக்கிழமை நான் இங்கேர்ந்து நேரா ஜெயநகர் போயிடறேன். நீங்க சாப்பிட்டுட்டு வாங்க."

சனிக்கிழமை அவர் சாப்பிடாமல் போனார். சாப்பிட்டால் அவள் சொன்னபடி ஆகிவிடும். பாதி வழியில்தான் உறைத்தது: சாப்பிடாமல் போவார் என்று தெரிந்துதான் சாப்பிடச் சொல்லியிருப்பாளோ? ஆட்டோவை நிறுத்தி இரண்டு இட்லி சாப்பிட்டார். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று நினைத்தபோது, இரண்டாவது இட்லி இறங்கவில்லை.

பங்களா வாசலில் ஹெர்பர்ட்டின் கார் நின்றது. முடிவைக் கையோடு வாங்கிப் போகவே வந்துவிட்டான் போலிருக்கிறது.  உள்ளே டாக்டரின் அறை சாத்தியிருந்தது. ஆம்ப்ரோஸ் மட்டும்தான் இருந்தார். குட்டையான, சிரித்த முகக்காரர். பசை டப்பாவோடு வரவேற்றார்.

"அம்மா காலையிலேயே வந்து முடிச்சுக் கொடுத்துட்டு, சொந்தக்காரங்க யாரையோ பாத்துட்டு வீட்டுக்குப் போறேன்னு போயிட்டாங்க. டாக்டர் உள்ள இருக்கார், தொந்தரவு பண்ணாதேன்னார். நாம ஆரம்பிக்கலாமா, சார்?"

ஒயர்கள் ஏறின. ஆம்ப்ரோஸ் படத்தைக் காட்டினார். இந்தத் தடவை ஒரு காலி வாளி.

'தண்ணி பிடிக்கலாம்' என்று நாக்கு நுனி வரை வந்ததை ஆதிகேசவன் விழுங்கினார். 'துணி ஊற வைக்கலாம்', அதையும் விழுங்கினார். 'கவிழ்த்துப் போட்டு ஏறி பல்பு மாட்டலாம்'. அது தனக்கே தோன்றுகிறது என்றால் அவளுக்குத் தோன்றாமலா இருக்கும்? நெற்றியில் வேர்வை, பசையோடு சேர்ந்து வழிந்தது. ஒவ்வொன்றாக விழுங்க விழுங்க, உள்ளே ஒன்றுமே மிச்சமில்லாத ஓர் இடம் வந்தது. இருட்டு; தூரத்தில் தவளைச் சத்தம். அங்கேயிருந்து, அவர் கேட்காமலே, அவர் இதுவரை நினைத்தே இராத ஒன்று ஏறி வந்தது.

"தலையில கவுத்துக்கிட்டு அழலாம்" என்றார் ஆதிகேசவன். "யாருக்கும் கேக்காது."

சொன்னதும் அழுகையும் வந்துவிட்டது. கூடவே ஒரு பெரிய நிம்மதி. இது யாருடையதும் இல்லை. இது என்னுடையது. இது ஒன்று போதும். ஒயர்களைப் பிய்த்துக்கொண்டு எழுந்தார்.

"அவ இதைச் சொல்லியிருக்க மாட்டா. போட்டுக் காட்டு, ஆம்ப்ரோஸ்!"

"டாக்டர் இல்லாம நான் எப்படி, சார்…"

"போட்டுக் காட்டு ஆம்ப்ரோஸ், உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்!"

ஆம்ப்ரோஸ் சாத்திய கதவை ஒரு பார்வை பார்த்தார். மனசு கேட்கவில்லை. காலையில் எடுத்த டேப்பைப் பின்னுக்குச் சுற்றிப் பொத்தானை அமுக்கினார். முதலில் வெறும் இரைச்சல். வெகு நேரம் ஒன்றும் இல்லை. யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம், மறுபடி விழுங்குகிற சத்தம். அப்புறம் தெய்வநாயகியின் குரல்.

'தலையில கவுத்துக்கிட்டு அழலாம். யாருக்கும் கேக்காது.'

ஆதிகேசவன் நாற்காலியில் சரிந்தார். டேப் நிற்கவில்லை. ஒரு விசும்பல் கேட்டது. பிறகு அதே குரல், அவசரமாக:

'போட்டுக் காட்டு ஆம்ப்ரோஸ், உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்.'

டக் என்று நின்றது.

 மேஜைமேல் பேனா முட்கள் ஒயரில்லாமல், எதையும் எழுதாமல், சும்மா நடுங்கிக்கொண்டிருந்தன.

"சரி" என்றார் ஆதிகேசவன், குரல் போன குரலில். "சீட்டு போச்சு. அதை விடு. நான் ஒண்ணு கேக்கறேன், நீ இத்தனை மண்டையைப் பாத்தவன், மறைக்காம சொல்லு. எனக்குன்னு இதுக்குள்ள எதுவுமே இல்லையா? இத்தனை வருஷமா நான் எழுதினது, பேசினது எல்லாமே அவ மூளையிலேர்ந்து ஒழுகினதுதானா?"

ஆம்ப்ரோஸுக்கு முகம் மாறியது. கைப் பசையைத் துணியில் துடைத்தபடி, குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்:

"ஐயோ, இதெல்லாம் அம்மா அவங்களுக்குத் தோணினதைச் சொன்னதுன்னா நெனச்சீங்க, சார்? ரெண்டு தடவையும், ரேஷன் ஆபீஸ்ல கேக்கற மாதிரி, 'அவர் என்ன சொல்வாரோ அதைச் சொல்லட்டுமா, எனக்குத் தோணறதைச் சொல்லட்டுமா'ன்னு கேட்டாங்க, நான்தான் 'மொதல்ல அவர் சொல்றதைச் சொல்லிடுங்கம்மா'ன்னேன். அவங்களுக்குத் தோணினதை அவங்க சொன்னது கேசட்டோட மறுபக்கத்துல இருக்கு, அது இருக்கறதே இன்னிக்குக் காலையிலதான் டாக்டருக்குத் தெரிஞ்சது, திங்கக்கிழமை கேசட்டை எடுத்துக்கிட்டு, அதைக் கேக்கறதுக்குத்தான் அவரும் உங்க ஹெர்பர்ட் சாரும் அந்த ரூமுக்குள்ள போனாங்க, இன்னும் வெளிய வரலை."